வடக்கே மாப்பிள்ளை, தெற்கே பெண்

காலை ஒன்பது ஐம்பதுக்கு வடக்குச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஏழு பேர் நின்றோம். ஏழாவது ஆள் கோ. வைத்திலிங்கம், அதாவது நான். 2018 மார்ச் ஐந்து, திங்கட்கிழமை. கதவு திறந்ததும் வந்து உட்கார்ந்தது நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இதே பெஞ்சில்தான். அந்த ஓரம் வேண்டாம், ஆணி இருக்கிறது. இப்படித் தள்ளி வாருங்கள். பதிவாளர் அம்மாள் சாப்பிட்டு வர மூன்று மணி ஆகும்.

வில்லங்கச் சான்றுக்கா வந்தீர்கள்? எந்தத் தெரு? கடைத்தெருவா. எந்தச் சிறகு, வடக்கு வரிசையா தெற்கு வரிசையா? தெரியாதா? மருதங்காவலுக்கு வந்தால் முதலில் அதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். இந்த ஊரில் வடக்குப் பாதி ஒரு மாவட்டம், தெற்குப் பாதி இன்னொரு மாவட்டம். இரண்டு தாசில்தார், இரண்டு சார்பதிவாளர். மழைக்கு வடக்கு கலெக்டர் விடுமுறை விட்டால் கடைத்தெருவில் இந்தச் சிறகுப் பிள்ளைகள் கப்பல் விடும், எதிர்ச் சிறகுப் பிள்ளைகள் அழுதுகொண்டே குடை பிடித்துப் பள்ளிக்கூடம் போகும். மழை என்னவோ ஒரே மழைதான்.

முப்பத்து நான்கு வருஷம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவன் நான். இந்த ஊரின் எல்லைக் கல் ஒவ்வொன்றும் எனக்குப் பழக்கம். அதனால் பொறுப்போடு சொல்கிறேன். என் விஷயத்தில் தவறு முழுக்க முழுக்க அலுவலகங்களுடையது.

நான் தேடி வந்தது என் கல்யாணத்துக்கு ஒரு சான்றிதழ். மகள் சுகந்தி வெளிநாட்டில் இருக்கிறாள். ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல முயன்று பல் செட் கழன்றுவிட்டது. அவளுக்குத் தலைப்பிரசவம். மே கடைசி வாரம் என்று நாள் குறித்திருந்தார்கள். அவளுக்கு மாமியார் இல்லை, மாப்பிள்ளைக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. என் மனைவி சௌந்தரவல்லி பிரசவ லேகியத்தைக் கிளறி, பாட்டிலில் அடைத்து, பெட்டியை மார்கழியிலேயே கட்டி வைத்துவிட்டாள். விசாவுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் கல்யாணப் பதிவுச் சான்று வேண்டும். அவள் மட்டும் போனால் வேண்டாமாம்.

"அம்மா மட்டும் வரட்டுமேப்பா" என்றாள் சுகந்தி.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கும்பகோணத்துக்குக்கூடத் தனியாகப் போய் வந்தவள் இல்லை சௌந்தரவல்லி. விமானத்தில் இரண்டு இடத்தில் இறங்கி மாற வேண்டும். திண்டாடிப் போவாள். இங்கே எனக்கு யார் சமைப்பார்கள் என்பதற்காகச் சொன்னேன் என்று அவளுடைய தம்பி பேசித் திரிகிறான். அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அன்றைக்குப் பதிவாளராக இருந்தவர் மெர்சி ராணி. நல்ல மாதிரி. கல்யாணப் பத்திரிகை, ஆல்பம், அடையாள அட்டை எல்லாம் கொண்டுபோயிருந்தேன். வரிசையாகப் பார்த்தார்.

"1987 செப்டம்பர் நாலு. சரி. எந்த இடத்துல நடந்துச்சு?"

"ராஜகாந்தம் கல்யாண மண்டபம்."

கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அந்த மண்டபமா? ஐயா, கல்யாணம் எந்த இடத்துல நடந்துச்சோ அந்த எல்லை ஆபீஸ்லதான் பதியணும். அந்த மண்டபத்துக்கு நடுவுல மாவட்ட எல்லை போகுது. மணமேடை எந்தப் பக்கம்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

தெற்கு அலுவலகத்துக்குப் போனேன். இங்கிருந்து நானூறு மீட்டர்தான், நான் அளவுச் சங்கிலி போட்டு அளந்த தூரம். அங்கே எழுத்தர் சர்புதீன். ஆளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

"வடக்கு ஆபீசுக்கு வேணாம்னா தெற்கு ஆபீஸ் எடுத்துக்கணுமா? போய் எல்லைப் படத்தோட நகல் வாங்கிட்டு வாங்க சார். கோடு எங்க போகுதுன்னு பார்ப்போம்."

எல்லைப் படம் தாலுகா அலுவலகப் பதிவறையில் இருந்தது. எந்தத் தாலுகா என்று கேட்க மாட்டீர்களா? அதற்கே எட்டு நாள் ஆயிற்று. வடக்குப் பதிவறையில் படத்தின் வடக்குப் பாதி. தெற்குப் பதிவறையில் தெற்குப் பாதி. ஜில்லாவைப் பிரித்தபோது யாரோ நியாயஸ்தர் ஒரே படத்தைக் கத்தரியால் எல்லைக் கோட்டின் மேலேயே வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கிறார். இரண்டிலும் கோடு இல்லை. கோடு கத்தரியோடு போய்விட்டது.

கடைசியில் தெற்குப் பதிவறையில் பச்சையப்பன் என்ற பதிவறைக் காப்பாளர் அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த களக் குறிப்பேட்டை எடுத்தார். அளவு நடந்த அன்றைக்கு அந்த இடத்திலேயே எழுதுகிற நோட்டு அது. மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு சௌந்தரவல்லி அங்கே வந்திருந்தாள். நான் குறிப்பேட்டைப் புரட்டி அவளுக்கு விளக்கினேன்.

"பாரு, என்ன வேலை! ஒரு அடித்தல் கிடையாது. முன்வாசலில் கல், மணமேடை நடுவே நேர்கோடு, சமையற்கட்டுப் பின்கதவில் கல். அந்தக் காலத்து சர்வேயர் சர்வேயர்தான்."

"கையெழுத்துகூட அழகா இருக்கு" என்றாள். "யாருது?"

பச்சையப்பன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "கோ. வைத்திலிங்கம், குறுவட்ட நில அளவர், பத்து ரெண்டு எண்பத்தஞ்சு."

நான் குறிப்பேட்டை வாங்கி மூடி வைத்தேன்.

இதை நான் விளக்கியாக வேண்டும், நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அரசாணையில் எல்லை பழைய வாய்க்கால் வழியாகப் போக வேண்டும் என்று இருந்தது உண்மை. வாய்க்கால் மண்டபத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே தெற்கால் போனதும் உண்மை. ஆனால் அந்தச் சுவரை ஒட்டி ஒரு புளியமரம், புளியமரத்தில் தண்ணீர்ப் பானை அளவுக்குக் குளவிக்கூடு. சங்கிலி பிடிக்கிற ஆள் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒரு கல்யாணம். மண்டபத்துக்காரர் வெயிலில் நின்ற எங்களைக் கூப்பிட்டு இலை போட்டார். சேமியா பாயசம். சாப்பிட்டு எழுந்தபோது முன்வாசலும் பின்வாசலும் திறந்து கிடந்தன. சங்கிலி நேராக ஓடியது. சங்கிலி நேராக ஓடினால் சர்வேயர் என்ன செய்ய முடியும்? பிடித்து நிறுத்த முடியுமா?

இரண்டு வருஷம் கழித்து அதே மண்டபத்தில் எனக்குக் கல்யாணம் வைத்தார்கள். அது தற்செயல். மண்டபத்துக்காரர் பழகிய மனுஷர்.

பதிவறையில் சௌந்தரவல்லி சாப்பாட்டு அடுக்கை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இன்னும் ரசம் சாதத்துக்கே வரவில்லை.

குறிப்பேட்டின் நகலைப் பார்த்த சர்புதீன், "கோடு மணமேடை நடுவுல போகுது. நீங்க எங்க உட்கார்ந்தீங்க, அம்மா எங்க உட்கார்ந்தாங்கன்னு நேர்ல பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார். தல ஆய்வுக்கு நாள் குறித்தார்கள். மார்ச் இருபத்தெட்டு, பகல் பதினொன்று. வடக்கிலிருந்து மெர்சி ராணி, தெற்கிலிருந்து சர்புதீன். சுகந்திக்கு அப்போது ஏழாவது மாதம் முடிந்துகொண்டிருந்தது. சௌந்தரவல்லி சமையலறை நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள்.

மண்டபம் இப்போது மண்டபமாக இல்லை. பீங்கான் சாமான் கடை. வாஷ்பேசின், டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட். முன்வாசல் கல்லிலிருந்து பின்கதவுக் கல்லுக்கு நானே நூல் பிடித்தேன். கை பழகிய வேலை, மறக்குமா? நூல் போய் நின்ற இடத்தில், அதாவது மணமேடை இருந்த இடத்தில், வெஸ்டர்ன் டாய்லெட்டுகளை இரண்டு வரிசையாக வைத்திருந்தார்கள்.

மெர்சி ராணி ஆல்பத்தைத் திறந்து ஃபோட்டோவில் இருந்த தூணைப் பார்த்தார், கடையில் அது இருந்த இடத்தைப் பார்த்தார். "உட்காருங்க" என்றார்.

"எதுல?"

"வேற என்ன இருக்கு இங்க?"

உட்கார்ந்தோம். நூலுக்கு வடக்கே ஒரு டாய்லெட்டில் நான். நூலுக்குத் தெற்கே ஒரு டாய்லெட்டில், எனக்கு வலப்புறம், சௌந்தரவல்லி. ஃபோட்டோவில் இருந்த மாதிரியே கிழக்கே பார்த்து. கடைக்காரர் ஓடி வந்தார்.

"பிளாஸ்டிக் கவரைக் கிழிச்சிடாதீங்க. புது மாடல்."

ஒரு பாத்ரூம் கட்ட சாமான் வாங்க வந்த குடும்பம் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம், "உட்கார்ந்து பார்த்து வாங்கலாமா?" என்று கேட்டது.

சர்புதீன் நோட்டில் எழுதிக்கொண்டார். "மாப்பிள்ளை வடக்கு. பொண்ணு தெற்கு. தாலியை எப்படிக் கட்டினீங்க சார்?"

"எல்லாரும் கட்டுகிற மாதிரிதான்."

"செஞ்சு காட்டுங்க."

துண்டை எடுத்து எட்டிச் செய்து காட்டினேன். சௌந்தரவல்லி கழுத்தைக்கூட வளைத்துக் கொடுக்கவில்லை.

"கை தெற்கே வருது பாருங்க மேடம்" என்றார் சர்புதீன். "ஆனா ஆள் வடக்கே. கட்டினவர் இருக்கிற எடம்தானே கல்யாணம் நடந்த எடம்? வடக்குலயே பதிஞ்சிடுங்க."

"முடிச்சு விழுந்தது அம்மாவோட கழுத்துல. கழுத்து தெற்கு" என்றார் மெர்சி ராணி. "நீங்க பதிஞ்சிடுங்க."

"ஒரு முடிச்சுதான் மாப்பிள்ளை போடறது. மிச்சம் ரெண்டும் நாத்தனார் போடறது. உங்க அக்கா எங்க நின்னாங்க சார்?"

அக்கா எங்களுக்குப் பின்னால் நின்றாள். எந்தப் பக்கம் என்று ஃபோட்டோவில் பார்க்கலாம் என்றால், சரியாக அந்த நேரத்தில் என் ஒன்றுவிட்ட சித்தப்பா குறுக்கே வந்து அட்சதைத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஃபோட்டோ முழுக்கச் சித்தப்பாவின் முதுகு. போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்கவும் வழியில்லை.

இரண்டு பேரும் மாற்றி மாற்றி மரியாதையாகப் பேசிவிட்டு, கல்யாணத்தைத் தங்கள் எல்லைக்குள் நடந்ததாகக் கொள்ள இயலவில்லை என்று தனித்தனியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு கடிதத்தையும் சேர்த்துப் படித்தால் எங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

போகும்போது சர்புதீன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. தெற்குல பிள்ளையார் கோயில் இருக்கு, முழுசா எங்க எல்லை. பேசாம இன்னொரு தடவை கட்டிக்கங்க. அன்னைக்கே பதிஞ்சு கையில கொடுத்துடறேன்."

எனக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. அங்கேயே சௌந்தரவல்லியிடம் சொன்னேன். டாய்லெட்டிலிருந்து எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டு, அவள் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்.

"யோசிச்சுச் சொல்றேன்."

முப்பது வருஷம்! முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற புருஷன் கேட்கிறான். யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"போன தடவை என்னை யாரு கேட்டா? அப்பா பார்த்தாரு, முடிச்சாரு. இந்தத் தடவை கேக்கறீங்கல்ல. கேட்டா யோசிக்கத்தானே வேணும்."

"சுகந்திக்கு நாள் நெருங்குது."

"அவளைப் பார்க்க நான் தனியாவே போவேன். உங்களுக்குத்தான் சேர்ந்து போகணும்."

மறுநாள் அவளுடைய தம்பி சபாபதி வந்தான். வேட்டி சட்டை, நெற்றி நிறைய விபூதி. சோபாவில் உட்கார்ந்து ஒரு நோட்டைத் திறந்தான்.

"அக்கா விசாரிச்சுட்டு வரச் சொன்னுச்சு அத்தான். பீடி சிகரெட் பழக்கம் உண்டா?"

"டேய், உனக்குத் தெரியாதா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். கோவம் வருமா?"

"இப்ப வருது."

"வரும்னு எழுதிக்கறேன். சமையல் தெரியுமா? தெரியாதா. துணி மடிப்பீங்களா? அத்தான், எல்லாத்துக்கும் தெரியாது தெரியாதுன்னே இருந்தா நான் அக்காகிட்ட என்னத்தைப் போய்ச் சொல்றது?"

பக்கத்து வீட்டு அம்மாளிடமும் விசாரித்தானாம். "ஆள் தேவலை, பேச்சுதான் அதிகம்" என்று அவர் சொன்னாராம். நான் அதிகமாகப் பேசுகிறேனா? நீங்களே சொல்லுங்கள். பரவாயில்லை, அப்புறம் சொல்லுங்கள்.

ஒன்பது நாள் யோசித்தாள். ஏப்ரல் ஆறாம் தேதி காலை, நான் காபிக்கு உட்கார்ந்திருந்தேன். காபி வரவில்லை. அவள் மட்டும் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுக்கு ஒழுங்கா பதில் சொன்னா சரி. அன்னைக்கு ஏன் கல்லை மண்டபத்துக்குள்ள விட்டீங்க?"

"குளவிக்கூடு..."

"அதைக் கேக்கலை."

"சங்கிலி நேரா..."

"சங்கிலியைக் கேக்கலை. உங்களைக் கேக்கறேன். இந்த ஊர்ல பாதி சனம் அந்தக் கல்லால முப்பது வருஷமா இங்கயும் அங்கயும் நடக்குது. நீங்களும் அவங்களோட சேர்ந்துக்கிட்டு ஆபீசைத் திட்டறீங்க. ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னீங்களா?"

நான் அரசாணை எண்ணைச் சொன்னேன். அவள் எழுந்தாள். நாள்காட்டிப் பக்கம் போனாள். பென்சிலை எடுத்து அன்றைய தேதியை அடித்தாள். மே கடைசி வாரத்தில் சுகந்தியின் நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தாள். அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

"சுவருக்கு வெளியே போய்ச் சுற்றி அளந்திருக்கலாம்" என்றேன்.

"சுற்றி அளந்திருந்தா?"

"மண்டபம் முழுக்க வடக்கில் இருந்திருக்கும்."

"ம். அப்புறம்?"

"பாயசம் மூணாவது தடவை வாங்கியிருக்க வேண்டாம்."

இதை ஒப்புதல் வாக்குமூலம் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழில்நுட்ப ரீதியாக ஒரு மாற்று வழி இருந்தது என்று சொன்னேன், அவ்வளவுதான். அவள் அப்படி எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். "வர்ற வெள்ளிக்கிழமை வேணாம், சபாபதிக்குக் கோர்ட் வேலை இருக்கு. அடுத்த வெள்ளி வச்சுக்கலாம்" என்றாள். இரண்டாவது தடவையாக என் மனைவி எனக்குச் சம்மதம் சொன்ன விதம் அது.

ஏப்ரல் இருபது, பிள்ளையார் கோயில். நான் பிள்ளையாரை நடுவில் வைத்து நாலு பக்கமும் டேப் பிடித்து, எல்லைக்கு நூற்று அறுபது மீட்டர் உள்ளே இருக்கிறோம் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் உட்கார்ந்தேன். குருக்கள், "மாப்பிள்ளை, முகூர்த்தம் போயிண்டிருக்கு" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். ஓரகத்திகள் எல்லாம் வந்து சிரித்தார்கள். சுகந்தியை வீடியோவில் பிடித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மெதுவாடி, மெதுவா" என்று தாலிக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டே சௌந்தரவல்லி அதட்டினாள்.

அன்று மத்தியானமே தெற்கு அலுவலகம். சர்புதீன் படிவத்தை நீட்டினார். திருமணத்துக்கு முந்தைய நிலை என்று ஒரு கட்டம். மணமாகாதவர், மனைவியை இழந்தவர், மணமுறிவு பெற்றவர். இந்த மூன்றுதான் இருக்கிறது.

"இதில் நான் எது?"

"மத்த ரெண்டுல ஏதாவது பரவாயில்லையா சார்?" என்றார்.

சௌந்தரவல்லி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மணமாகாதவர் என்பதில் டிக் அடித்தேன். வயது அறுபத்திரண்டு. ஒரு மணி நேரத்தில் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. முத்திரை, கோபுரம், எல்லாம் பளிச்சென்று. இப்படித்தான் ஒரு ஆவணம் இருக்க வேண்டும் என்று நான் அதைக் காட்டாத ஆள் இல்லை, எங்கள் தெருவில்.

விசாவுக்கு ஏப்ரல் இருபத்தேழாம் தேதி இருவரும் சேர்ந்து கொடுத்தோம். மே பதினொன்றாம் தேதி பதில் வந்தது. இரண்டு உறை. சௌந்தரவல்லிக்கு அனுமதி. பிரசவிக்கும் பெண்ணின் தாய், ஐயமில்லை. எனக்கு ஒரு பக்கக் கடிதம். சபாபதி மொழிபெயர்த்து வாசித்தான், வேண்டுமென்றே மெதுவாக. விண்ணப்பதாரர் ஏப்ரல் 20 வரை மணமாகாதவர் என்று கையொப்பமிட்டுள்ளார். மணமாகி ஏழு நாளில் மனைவியின் இருபத்தொன்பது வயது மகளைக் காண வெளிநாடு செல்ல விரும்புகிறார். அவருடைய பயண நோக்கம் தெளிவாக இல்லை.

மகளின் பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் இருக்குமே என்பீர்கள். இருக்கிறது. அதையும் எழுதியிருந்தார்கள். இரண்டில் ஒரு ஆவணம் பொய்யாக இருக்க வேண்டும், எது என்று விண்ணப்பதாரரே தெளிவுபடுத்தட்டும் என்று.

"அத்தான், பொண்ணு வீட்டுக்காரன்ங்கிற முறையில நானும் கேக்கறேன். எது பொய்?" என்றான் சபாபதி.

அதற்குத்தான் இன்றைக்கும் வந்திருக்கிறேன். 1987ஐயும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி இரண்டு அலுவலகத்துக்கும் மனுக் கொடுத்திருக்கிறேன். இது ஐந்தாவது மனு. மதியச் சாப்பாடு ஓட்டலில்தான். நீங்கள் வடக்குச் சிறகா தெற்குச் சிறகா என்று பார்த்துவிடலாம், டேப் பையில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் குளவிக்கூடு ஏதாவது இருந்ததா? சும்மா கேட்டேன்.

சௌந்தரவல்லி மே பதினேழாம் தேதி தனியாகப் புறப்பட்டாள். இரண்டு இடத்தில் இறங்கி மாறினாள். மே இருபத்து நான்காம் தேதி, அந்த ஊர் நேரப்படி காலை ஆறு இருபதுக்கு, சுகந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறைக்குள் அவள் அம்மா இருந்தாள்.